சர்வதேசச் சட்டத்தில் ஸ்பெஷலைஸ் பண்ணுவது எப்படி

சட்டக் கல்லூரியில் ஒரு வருஷம் முடிந்ததும் "நான் இன்டர்நேஷனல் லா எடுக்கப் போகிறேன்" என்று சொல்பவர்கள் எந்த வகுப்பிலும் நாலைந்து பேராவது இருப்பார்கள். எந்த இன்டர்நேஷனல் லா என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் ஐநா என்பார்கள், மீதிப் பேர் சர்வதேச நீதிமன்றம் இருக்கிற ஹேக் என்பார்கள், அதற்குமேல் பேச்சு நகராது. அவர்களைக் குறை சொல்லவில்லை, பாடத்திட்டமே இந்தப் பாடத்தை அப்படித்தான் அறிமுகப்படுத்துகிறது. ஆனால் தொடங்கும்போதே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சர்வதேச வழக்கறிஞர் என்று தனியாக ஒரு லைசென்ஸை உலகத்தில் யாரும் தருவதில்லை. ஏதாவது ஒரு நாட்டில் வழக்கறிஞராகப் பதிவு செய்து, அந்த நாட்டின் ஒப்பந்தச் சட்டம், நிர்வாகச் சட்டம், நீதிமன்ற நடைமுறை இதெல்லாம் கைக்குள் இருந்தால்தான், அதற்குமேல் படிக்கிற சர்வதேசச் சட்டம் சம்பளமாக மாறும். உள்நாட்டுப் பாடங்களில் சுமாரான மார்க் வாங்கிவிட்டு "அது எனக்கு எதற்கு, நான் ஜெனீவா போகப் போகிறவன்" என்று இருப்பவர்கள் ஜெனீவாவுக்குப் போய் அல்லாடுவார்கள்.

ஆக வரிசை இதுதான். உள்நாட்டுச் சட்டம் உறுதியாக, பொது சர்வதேசச் சட்டத்தின் அடிப்படை ஆழமாக, அதற்கப்புறம் ஒரே ஒரு கிளை. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அகதிகள் சட்டத்தில் ஒரு சான்றிதழ், மனித உரிமையில் ஒரு வெபினார், விண்வெளிச் சட்டத்தில் ஒரு வார கோர்ஸ் என்று பயோடேட்டாவை நிரப்பிவிட்டு, வழக்காற்றுச் சட்டம், அதாவது நாடுகள் சட்டமென்றே கருதி வழக்கமாகப் பின்பற்றுவது, எப்படி உருவாகிறது என்று இன்டர்வியூவில் கேட்டால் விழிக்கிறார்கள்.

சர்வதேசச் சட்டத்தில் பப்ளிக், பிரைவேட் வித்தியாசத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். நாடுகளுக்கு இடையிலும், நாடுகளுக்கும் சர்வதேச அமைப்புகளுக்கும் இடையிலும் செல்லுபடியாவது பப்ளிக். இரண்டு நாட்டுச் சட்டங்கள் ஒரு தனிமனிதர் விவகாரத்தில் மோதும்போது எந்த நீதிமன்றம் விசாரிக்கும், எந்தச் சட்டம் பொருந்தும், வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லுமா என்று பார்ப்பது பிரைவேட். விவாகரத்தாகி ஒரு பெற்றோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டால் 1980ஆம் வருஷத்து ஹேக் குழந்தைக் கடத்தல் உடன்படிக்கை வருமே, அந்த மாதிரி. மாணவர்கள் இதை ஏதோ இரண்டாம் தரமாக நினைக்கிறார்கள். ஆனால் சாதாரண வழக்கறிஞர் அலுவலகத்துக்குத் தினமும் வந்து கதவைத் தட்டுவது இதுதான். விருப்பப் பாடமாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

அடிப்படையை எப்படிப் பிடிப்பது

சர்வதேச நீதிமன்றச் சட்டவிதியின் 38ஆம் பிரிவு எல்லோருக்கும் மனப்பாடம்: உடன்படிக்கைகள், வழக்காறு, சட்டத்தின் பொதுக் கோட்பாடுகள், துணைக்கு நீதிமன்றத் தீர்ப்புகளும் அறிஞர்களின் எழுத்துகளும். மனப்பாடம் பரீட்சைக்குப் போதும். தொழிலுக்கு வேண்டியது, எந்தச் செய்தியைப் படித்தாலும் "இது எந்த மூலத்திலிருந்து வருகிற கடமை?" என்று கேட்கிற பழக்கம். ஒரு நாடு தீர்மானத்தை மீறிவிட்டது என்று செய்தி வருகிறது. பொதுச் சபைத் தீர்மானமா, பாதுகாப்புச் சபை ஐநா சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின்கீழ் போட்ட தீர்மானமா? முன்னது பெரும்பாலும் பரிந்துரை, பின்னது கட்டுப்படுத்தும். ஒரு நாடு உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறது, சரி, ரேட்டிஃபை செய்ததா, அதாவது கட்டுப்படுவதாக முறைப்படி உறுதி செய்ததா? செய்தபோது இந்த விதி எனக்குப் பொருந்தாது என்று ஏதாவது ரிசர்வேஷன் போட்டதா? இதையெல்லாம் ஐநாவின் உடன்படிக்கைத் தொகுப்புத் தளத்தில் இரண்டே நிமிஷத்தில் பார்த்துவிடலாம், பார்க்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. வாரத்துக்கு ஒரு செய்தியை எடுத்து இப்படிப் பிரித்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். ஒரு செமஸ்டரில் வகுப்பிலேயே உங்களைப்போல் பேசுகிறவர் இருக்கமாட்டார்.

உடன்படிக்கைகளுக்கான சட்டம் பற்றிய 1969ஆம் வருஷத்து வியன்னா உடன்படிக்கையை மூலப் பாடத்தில் முழுதாக ஒருமுறை படித்துவிடுங்கள். 85 பிரிவுகள்தான், ஒரு வார இறுதிக்கு மேல் ஆகாது. 31, 32 இரண்டையும் மட்டும் திரும்பத் திரும்பப் படியுங்கள். வாசகத்தின் சாதாரணப் பொருள், சூழல், நோக்கம், அப்புறம் தேவைப்பட்டால் பேச்சுவார்த்தைக் காலத்து ஆவணங்கள், இந்த வரிசையில்தான் வாதம் நடக்கும். அமெரிக்கா இந்த உடன்படிக்கையில் 1970இல் கையெழுத்திட்டதோடு சரி, இதுவரை ரேட்டிஃபை செய்யவில்லை. ஆனாலும் இதிலுள்ள விதிகளில் பெரும்பகுதி வழக்காறாகவே ஏற்கப்பட்டிருப்பதால் உறுப்பினர் அல்லாத நாடுகளின் வழக்குகளிலும் இவை பேசப்படுகின்றன. அது எப்படி முடிகிறது என்று உங்களுக்கு நீங்களே விளக்க முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது அரசுப் பொறுப்பு பற்றிச் சர்வதேசச் சட்ட ஆணையம் 2001இல் முடித்த விதித்தொகுப்பு. அது உடன்படிக்கையே இல்லை, ஆனால் நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களும் அதை எடுத்தாளாத வருஷம் கிடையாது.

அப்புறம் வழக்குகள். சுருக்கம் படிப்பது, வழிகாட்டி நூலில் நாலு வரி படிப்பது, இதெல்லாம் கணக்கில் வராது. பத்தே பத்துத் தீர்ப்புகளை முழுதாகப் படித்தால் போதும், நூறு வழக்கின் பெயர் தெரிந்தவரைவிட நன்றாக வாதாடுவீர்கள். என் பட்டியலில் லோட்டஸ் 1927, கார்ஃபு கால்வாய் 1949, வட கடல் கண்டத்திட்டு 1969, பார்சலோனா டிராக்ஷன் 1970, நிகராகுவா 1986, அணு ஆயுத ஆலோசனைக் கருத்து 1996, கைது வாரண்ட் 2002 கண்டிப்பாக இருக்கும். மற்ற மூன்றை உங்கள் கிளையைப் பார்த்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

படிக்கும் முறைக்கு உதாரணமாக பிரியா விஹார் கோயில் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். கம்போடியாவுக்கும் தாய்லாந்துக்கும் எல்லையில் ஒரு பழைய கோயில், அது யாருக்குச் சொந்தம் என்று 1962இல் தீர்ப்பு. 1904 உடன்படிக்கை எல்லை நீர்பிரி மேட்டை ஒட்டிப் போகும் என்கிறது. ஆனால் சயாம் (தாய்லாந்தின் அன்றைய பெயர்) கேட்டுக்கொண்டதன் பேரில், அப்போது கம்போடியாவை ஆண்ட பிரான்சின் அதிகாரிகள் தயாரித்து 1907-08 வாக்கில் வெளியான வரைபடம் கோயிலைக் கம்போடியப் பக்கத்தில் காட்டுகிறது. இப்போது படிப்பதை நிறுத்திவிட்டு, தாய்லாந்தின் வழக்கறிஞராக நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உடன்படிக்கையின் வாசகம்தான் பெரிது, வரைபடம் தப்பு என்பீர்கள். சரி, இப்போது கம்போடியாவுக்காக எழுதுங்கள். சயாம் அந்த வரைபடத்தை வாங்கிக்கொண்டு பல வருஷம் ஆட்சேபிக்கவே இல்லை, 1930இல் சயாம் இளவரசர் ஒருவர் கோயிலுக்கு வந்தபோது பிரெஞ்சு அதிகாரி தங்கள் கொடியோடு வரவேற்றார், அப்போதும் எதிர்ப்பு இல்லை. நீதிமன்றம் 9க்கு 3 என்று கம்போடியா பக்கம் நின்றது, அந்த மௌனத்துக்கு அவ்வளவு எடை கொடுத்தது. அதோடு மூடி வைத்துவிடாதீர்கள். மாறுபட்ட மூவரில் பெர்சி ஸ்பெண்டரின் கருத்தைப் படியுங்கள், பெரும்பான்மைத் தீர்ப்பில் எங்கே ஓட்டை என்று அது சுத்தமாகக் காட்டுகிறது. படித்து முடித்த பிறகும் எந்தப் பக்கம் சரி என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். சர்வதேச நீதிமன்றத் தளத்தில் தீர்ப்பு மட்டுமல்லாமல் இரண்டு தரப்பின் எழுத்து வாதங்களும் வாய்மொழி விசாரணைப் பதிவுகளும் இலவசமாகக் கிடக்கின்றன. இவ்வளவு பெரிய பயிற்சிக் கூடத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள், மாணவர்களோ சுருக்கக் குறிப்புக்குக் காசு கொடுக்கிறார்கள்.

விரிவுரை வேண்டுமென்றால் ஐநாவின் ஒலி-ஒளி நூலகம் இருக்கிறது, அதுவும் இலவசம், அந்தந்தத் துறையின் நீதிபதிகளும் பேராசிரியர்களுமே பேசியிருக்கிறார்கள். உங்கள் கல்லூரியில் இந்தப் பாடத்துக்கு நல்ல ஆசிரியர் இல்லை என்ற புலம்பலுக்கு இனி இடமில்லை.

கிளையைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் பணம், மனசு, வாழ்க்கை எல்லாம் உள்ளே வருகின்றன, அதனால் பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

சம்பளம் முக்கியம் என்றால் சர்வதேச ஆர்பிட்ரேஷன், அதாவது நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர்களை வைத்துத் தகராறைத் தீர்ப்பது. வணிகத் தகராறு ஒரு பக்கம், முதலீட்டாளர் ஒரு நாட்டின்மேலேயே தொடுக்கிற வழக்கு இன்னொரு பக்கம். முன்னதற்கு 1958 நியூயார்க் உடன்படிக்கை, பின்னதற்கு 1965 வாஷிங்டன் உடன்படிக்கையும் உலக வங்கிக் குழுமத்தில் இருக்கிற இக்சிட் என்ற முதலீட்டுத் தகராறு மையமும், இவற்றை விரல்நுனியில் வைத்திருக்க வேண்டும். லண்டன், பாரிஸ், ஜெனீவா, சிங்கப்பூர், ஹாங்காங் இவைதான் களங்கள். வேலை பெரும்பாலும் பெரிய லா ஃபர்ம்களில், அங்கே ஒப்பந்தச் சட்டத்திலும் ஆவணங்களைத் தோண்டுவதிலும் நீங்கள் எவ்வளவு கெட்டி என்றுதான் பார்ப்பார்கள், ஐநா சாசனம் தெரியுமா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

வர்த்தகச் சட்டம் இன்னொரு வழி. 2019 டிசம்பரிலிருந்து உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு, புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் முடங்கிக் கிடக்கிறது. அதைப் பார்த்துப் பயந்து பலர் விலகுகிறார்கள். என்னைக் கேட்டால் விலகத் தேவையில்லை, பொருளாதாரத் தடைகள், ஏற்றுமதிக் கட்டுப்பாடு, சுங்கவரி, பொருள் குவிப்புத் தடுப்பு (ஆன்டி-டம்பிங்) விசாரணை எல்லாம் முன்பைவிட அதிகமாகத்தான் நடக்கின்றன, அரசுகளுக்கும் கம்பெனிகளுக்கும் ஆள் தேவை.

குற்றவியல் பக்கம் மாணவர்களை இழுக்கிற அளவுக்கு அங்கே வேலைகள் இல்லை. 1998 ரோம் சட்டவிதி, 2002இல் தொடங்கிய சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், 18 நீதிபதிகள், சிறிய அமைப்பு. உள்ளே நுழைய விரும்பினால் உங்கள் நாட்டில் நிஜமான கிரிமினல் வழக்குகளில் இரண்டு மூன்று வருஷமாவது வேலை செய்துவிட்டுப் போங்கள். சாட்சியை விசாரிக்கத் தெரிந்தவருக்கு அங்கே மரியாதை. போர்க்காலத்துக்கான மனிதாபிமானச் சட்டமும் அப்படியே, 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கு, 1977 கூடுதல் நெறிமுறைகள், செஞ்சிலுவைச் சங்கக் குழுவின் வழக்காற்று விதித் தரவுத்தளம், இவற்றோடு களத்துக்குப் போகிற மனத்திடமும் வேண்டும். ஒரு சின்ன விஷயம், பயோடேட்டாவில் ஐசிசி என்று சுருக்கி எழுதாதீர்கள். குற்றவியல் நீதிமன்றமும் ஐசிசி, பாரிஸில் ஆர்பிட்ரேஷன் நடத்துகிற வணிகச் சங்கமும் ஐசிசி. கிரிக்கெட்காரர்களை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கடல் சட்டமும் சுற்றுச்சூழலும் இப்போது வளர்கிற இடம். ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயம் 2024 மே மாதம் காலநிலை பற்றி ஆலோசனைக் கருத்து கொடுத்தது, 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கொடுத்தது. இரண்டாவதன் வேர் எங்கே என்று பார்த்தால் 2019இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 27 சட்ட மாணவர்கள். வகுப்பில் தொடங்கிய யோசனையை வனுவாட்டு அரசு கையிலெடுத்து, 2023 மார்ச்சில் ஐநா பொதுச் சபை தீர்மானம் போட்டு நீதிமன்றத்தைக் கேட்டது. செமினார் பேப்பர் எழுத உட்காரும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

கிளையை முடிவு செய்ய ஒரு எளிய சோதனை: அந்தக் கிளையின் சலிப்பான ஆவணம் ஒன்றை எடுங்கள், 200 பக்க முதலீட்டுத் தீர்ப்போ, மீன்பிடி ஒப்பந்தத்தின் இணைப்போ, எதுவாக இருந்தாலும் சரி. அதை ஒரு மதியம் முழுக்கத் தூங்காமல் படிக்க முடிகிறதா? முடிந்தால் அதுதான் உங்கள் கிளை. செய்தியில் வருகிற சுவாரசியத்தை வைத்து முடிவெடுத்தால் இரண்டாம் வருஷமே அலுத்துவிடும்.

மூட், எழுத்து, மொழி

மூட் கோர்ட் என்கிற மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் ஜெசப் தான் பழையது, 1960இல் தொடங்கியது, இரண்டு கற்பனை நாடுகள் சர்வதேச நீதிமன்றத்தில் மோதும். ஆர்பிட்ரேஷன் என்றால் வியன்னாவில் நடக்கிற விஸ் மூட், மனிதாபிமானச் சட்டம் என்றால் பிக்டே. கோப்பையைப் பார்த்து ஓடாதீர்கள், மெமோரியல், அதாவது எழுத்து வாதம், எழுதுகிற மாதங்கள்தான் உண்மையான லாபம். ஒரே சிக்கலை வாதி தரப்பிலும் பிரதிவாதி தரப்பிலும் எழுத வேண்டியிருக்கும், அந்தப் பயிற்சியைச் சாதாரண வகுப்பில் எதிர்பார்க்க முடியாது. குழுவில் இடம் கிடைக்காவிட்டால் அந்த வருஷத்துப் பிரச்சினைத் தாளை இறக்கி நீங்களே ஒரு தரப்புக்கு எழுதிப் பாருங்கள், போட்டியில் சேராமலே பாதிப் பலன் கிடைத்துவிடும். அதே சமயம் மூன்று வருஷமும் மூட் மட்டுமே செய்துவிட்டு மார்க்கைக் கோட்டை விட்டவர்களும் இருக்கிறார்கள். ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு, போதும்.

கட்டுரைத் தலைப்பைக் குறுக்குங்கள். "காலநிலை மாற்றமும் சர்வதேசச் சட்டமும்" என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். "கடல்மட்டம் உயர்ந்து கரை உள்வாங்கினால் கடல் எல்லையை அளக்கும் அடிப்படைக் கோடும் நகருமா" என்று கேட்டால் அதற்கு 1982 கடல் சட்ட உடன்படிக்கையில் வாசகம் இருக்கிறது, நாடுகளின் நடைமுறை இருக்கிறது, சர்வதேசச் சட்ட ஆணையத்தின் ஆய்வு இருக்கிறது, மாணவராலும் உருப்படியாக எதையாவது சொல்ல முடியும். மேற்கோள் காட்டும்போது தீர்ப்பின் பத்தி எண்ணோடு காட்டுங்கள், வேறொருவர் கட்டுரையிலிருந்து இரவல் வாங்காதீர்கள். ஒரு நல்ல கட்டுரை இருந்தால் எல்எல்எம் என்ற சட்ட முதுகலைப் படிப்புக்கான விண்ணப்பத்துக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் அதையே எழுத்து மாதிரியாகக் கொடுக்கலாம்.

மொழி விஷயத்தில் குழப்பமே வேண்டாம், பிரெஞ்சு. சர்வதேச நீதிமன்றத்திலும் குற்றவியல் நீதிமன்றத்திலும் ஆங்கிலத்தோடு வேலை நடக்கிற மொழி அதுதான். முதலாம் வருஷமே ஆரம்பித்தால் பட்டம் வாங்கும்போது தீர்ப்பு படிக்கிற அளவுக்கு வந்துவிடும். லத்தீன் அமெரிக்க முதலீட்டு வழக்குகளில் கண் இருந்தால் ஸ்பானிஷ்.

எல்எல்எம் எப்போது, எங்கே

பட்டம் வாங்கிய கையோடு ஓடாதீர்கள், அதுதான் என் கருத்து. ஓரிரு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போனால் எந்தக் கிளை என்று தெளிவாக இருக்கும், உதவித்தொகைக் குழுவும் அனுபவத்தைப் பார்க்கும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை வேலை அனுபவத்தைக் கட்டாயமாகவே கேட்கிறது. லெய்டன், ஜெனீவாவின் கிராஜுவேட் இன்ஸ்டிட்யூட், கேம்பிரிட்ஜ், நியூயார்க் பல்கலைக்கழகம் எல்லாம் இந்தத் துறையில் பெயர் பெற்றவை. பெயரை மட்டும் பார்க்காமல், நீங்கள் விரும்புகிற பேராசிரியர் அந்த வருஷம் உண்மையிலேயே பாடம் எடுக்கிறாரா, விடுப்பில் இருக்கிறாரா என்று மெயில் போட்டுக் கேளுங்கள். தளத்தில் இருக்கிற பாடப்பட்டியலில் எல்லாமே எல்லா வருஷமும் நடப்பதில்லை. இன்னொன்று, சர்வதேச நீதிமன்ற நீதிபதிகளுக்கு உதவியாக வேலை செய்கிற ஜுடிஷியல் ஃபெல்லோ திட்டத்துக்கு மாணவர்கள் நேராக விண்ணப்பிக்க முடியாது, பல்கலைக்கழகம்தான் பெயரை அனுப்ப வேண்டும். ஆகவே அந்தப் பல்கலைக்கழகம் ஆள் அனுப்புகிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே விசாரியுங்கள். பெரிய கடன் வாங்கி மனித உரிமை எல்எல்எம் படிப்பது, உதவித்தொகை இல்லாத பட்சத்தில், எனக்குச் சம்மதமில்லை. திருப்பிக் கட்டுகிற மாதிரியான சம்பளம் அந்தக் கிளையின் ஆரம்ப வேலைகளில் அபூர்வம்.

முழு வருஷம் போக முடியாதவர்களுக்கு ஹேக் அகாடமியின் கோடைப் பாடங்கள் இருக்கின்றன. 1923இல் நிறுவப்பட்டது, அமைதி மாளிகையில் நடக்கிறது, பப்ளிக்குக்கு மூன்று வாரம், பிரைவேட்டுக்கு மூன்று வாரம், உதவித்தொகையும் உண்டு. பாடத்தைவிட அங்கே கூட உட்காருகிறவர்கள்தான் பின்னால் பல நாட்டு அமைச்சகங்களில் உங்களுக்குத் தெரிந்த முகங்களாக இருப்பார்கள்.

இன்டர்ன்ஷிப்பும் வேலையும்

ஐநா செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது, இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை, தங்குவதும் சாப்பாடும் உங்கள் செலவு. நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ ஆறு மாதம் கைக்காசில் வாழ்வது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை, துறையில் இது பழைய மனக்குறை. முடியவில்லை என்றால் அதோடு கதை முடிந்துவிடாது. உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் சட்டப் பிரிவு, உடன்படிக்கை வழக்குகள் வருகிற உயர் நீதிமன்றத்தில் ஒரு மூத்த வழக்கறிஞர், அகதிகளுக்கு உதவுகிற அமைப்பு, ஆர்பிட்ரேஷன் மையம், இங்கெல்லாம் கிடைக்கிற வேலையில் பெயருக்குப் பளபளப்பு குறைவு, கற்றுக்கொள்வது அதிகம். நகலெடுக்க வைக்கிற பெரிய அமைப்பைவிட மனு எழுத வைக்கிற சின்ன அலுவலகம் மேல்.

பட்டத்துக்குப் பிறகு ஐநாவில் நிரந்தரமாக நுழைய ஒய்பிபி (யங் புரொஃபஷனல்ஸ் புரோகிராம்) தேர்வு ஒரு வழி. வயது வரம்பு 32, உங்கள் நாடு அந்த வருஷப் பட்டியலில் இருக்க வேண்டும், சட்டத் துறைக்கும் அந்த வருஷம் தேர்வு இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக அமைவது நம் கையில் இல்லை என்பதால் அதை மட்டும் நம்பி வேலையை விட்டுவிட்டுத் தயாராகாதீர்கள், பார்க்கிற வேலையிலேயே இருந்துகொண்டு ஒவ்வொரு வருஷமும் பட்டியல் வெளியாகும்போது ஒருமுறை பார்த்துவிட்டு, நாடும் துறையும் இருந்தால் விண்ணப்பித்துவிடுங்கள்.